746 வாக்கில் தோற்றவருக்கு விக்கிப்பீடியாவில் தனிப்பக்கம் உண்டா? வேலூர் வட்டாரத் தேர்தல்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 2 அன்று காட்பாடி சட்டமன்றத் தொகுதியின் வாக்கு எண்ணிக்கை முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே போய், கடைசியில் திமுகவின் துரைமுருகனுக்கு 85,140, அதிமுக வேட்பாளருக்கு 84,394 என்று முடிந்தது. வித்தியாசம் 746. வென்றவருக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் உண்டு. அவர் அப்போதே பல முறை சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் அமைச்சர், கட்சியின் பொதுச்செயலாளர். தோற்றவருக்கு? எண்பத்து நாலாயிரம் பேர் ஓட்டுப் போட்ட ஒருவருக்குப் பக்கம் இல்லை, எங்கோ ஒரு தொகுதியில் அலையில் ஜெயித்து ஐந்தாண்டும் வாய் திறக்காமல் இருந்த உறுப்பினருக்குப் பக்கம் உண்டு, இது என்ன நியாயம் என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களில் எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் வேட்பாளரின் ஊர்க்காரராகவோ கட்சிக்காரராகவோ இருப்பார். அதனாலேயே கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

விதி சொல்வது இவ்வளவுதான். நாடாளுமன்றத்திலோ மாநிலச் சட்டமன்றத்திலோ உறுப்பினராக இருந்தவருக்குப் பக்கம் எழுதப் போதிய செய்தி கிடைக்கும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. உள்ளாட்சிப் பதவியோ, தேர்தலில் நின்றதோ மட்டும் அந்தச் சலுகையைத் தராது. ஆனால் பொது விதியை நிறைவு செய்தால் அவர்களுக்கும் பக்கம் உண்டு. அந்தப் பொது விதி, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நம்பகமான மூலங்கள் சிலவற்றிலாவது அவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைக்கப்பட்ட இந்த அளவுகோலைத்தான் தமிழ் விக்கிப்பீடியாவின் குறிப்பிடத்தக்கமை (தனிப்பக்கம் பெறும் தகுதி) உரையாடல்களிலும் எடுத்துப் பேசுகிறார்கள். வாக்கு எண்ணிக்கை, வித்தியாசம், எத்தனையாவது இடம், டெபாசிட் கிடைத்ததா போனதா, இவை எதுவும் இந்த விதிக்குள் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உறுப்பினருக்கு மட்டும் ஏன் சலுகை? பதவிக்கு மரியாதை செய்வதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமானது. உறுப்பினரானவர் பதிவுகளை விட்டுச் செல்கிறார். சட்டமன்றப் பேரவையின் ‘யார் எவர்’ கையேட்டில் அவருடைய பிறந்த ஊர், படிப்பு, தொழில் எல்லாம் அச்சேறும். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் கேட்ட கேள்வி இருக்கும். ஐந்தாண்டுக் காலம் உள்ளூர்ச் செய்தியாளர்கள் அவர் பின்னால் நடப்பார்கள். தோற்றவரின் பெயர் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் ஒரு வரியாக நிற்கும். அதற்கு மேல் அரசு ஆவணம் எதுவும் அவரைப் பின்தொடர்வதில்லை. ஆக, விதி உறுப்பினருக்குத் தருவது ஒரு அனுமானம்தான். தோற்றவர் அதே இடத்துக்கு மூலங்களைக் காட்டி வர வேண்டும்.

வேலூர் 2019

இந்த விதியைச் சோதித்துப் பார்க்க வேலூர் மக்களவைத் தொகுதியின் 2019 தேர்தலைப் போல் வாகானது வேறில்லை. ஏப்ரல் 18-இல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவு, பணப் பறிமுதலை அடுத்து, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் குடியரசுத் தலைவர் ஆணையால் ஏப்ரல் 16-இல் ரத்தானது. மறுபடி ஆகஸ்ட் 5-இல் வாக்குப்பதிவு, 9-இல் எண்ணிக்கை. களத்தில் 28 பேர். திமுகவின் கதிர் ஆனந்த் 4,85,340. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ. சி. சண்முகம் 4,77,199, வித்தியாசம் 8,141. நாம் தமிழர் கட்சி வேட்பாளருக்கு 26,995. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு இல்லையென்றால் டெபாசிட் போய்விடும் என்பதால், முதல் இருவரைத் தவிர மற்ற 26 பேரின் வைப்புத்தொகையும் அரசுக்குப் போயிற்று.

இந்த 28 பேரில் யாருக்குப் பக்கம்?

தோற்றவரிலிருந்து தொடங்கலாம். சண்முகம் 2014-இல் தாமரைச் சின்னத்தில் 59,393 வாக்கிலும், 2019-இல் 8,141 வாக்கிலும், 2024-இல் மறுபடி தாமரையில் 2,15,702 வாக்கிலும் இதே வேலூரில் தோற்றவர். இந்த மூன்றை மட்டும் பார்ப்பவர் ‘தொடர்ந்து தோற்ற வேட்பாளர், நீக்கலாம்’ என்று எழுதிவிடுவார். ஆனால் அவர் 1980-இல் ஆரணி சட்டமன்ற உறுப்பினர், 1984-இல் இதே வேலூரின் மக்களவை உறுப்பினர், புதிய நீதிக் கட்சியின் நிறுவனர், சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். முதல் இரண்டில் ஏதாவது ஒன்றே பக்கத்துக்குப் போதும். ஒருமுறை கிடைத்த குறிப்பிடத்தக்கமை பிற்பாடு தோற்றதால் காலாவதியாவதில்லை. கட்டுரையின் முதல் வரியில் எது வர வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்: முன்னாள் உறுப்பினர், கட்சி நிறுவனர் என்று தொடங்க வேண்டும், தோல்விகள் கீழே தேர்தல் அட்டவணைக்குப் போகும்.

அந்த அட்டவணையில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. புதிய நீதிக் கட்சியின் தலைவரான அவர் மூன்று தேர்தலிலும் கூட்டணிக் கட்சியின் சின்னத்தில்தான் நின்றார். ஆணையத்தின் முடிவுத் தாளில் 2014-க்கும் 2024-க்கும் நேராகப் பாஜக என்றும், 2019-க்கு நேராக அதிமுக என்றும் இருக்கும். அட்டவணையின் கட்சிக் கட்டத்தில் ஆணையத்தின் பதிவை அப்படியே இட்டு, அடிக்குறிப்பில் உண்மையான கட்சியைச் சொல்வதே சரி. இதைச் செய்யாத பக்கங்களில் ஒரு ஆர்வலர் மாற்றுவதும் இன்னொருவர் திருப்புவதுமாக பக்கத்தின் திருத்த வரலாறு நீண்டுகொண்டே போகும்.

வென்றவரிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. கதிர் ஆனந்துக்கு 2019 ஆகஸ்ட் 9 முதல் பக்கம் உண்டு என்பதில் பேச்சில்லை. மார்ச்சில் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஆகஸ்ட் 9 வரை? துரைமுருகனின் மகன் என்பது பக்கம் தராது; உறவினால் குறிப்பிடத்தக்கமை இறங்கி வருவதில்லை. செய்திகளோ குவிந்தன, நாடு முழுக்க. ஆனால் அத்தனையும் ஒரே நிகழ்வைப் பற்றியவை. ஒரே நிகழ்வினால் மட்டும் பேசப்படும் உயிரோடிருப்பவரைப் பற்றித் தனிப்பக்கம் வேண்டாம், நிகழ்வைப் பற்றி எழுதினால் போதும் என்பது இன்னொரு விதி. அந்த நான்கைந்து மாதத்துக்குச் சரியான இடம் தொகுதிப் பக்கத்தில் ‘2019 தேர்தல்’ என்ற பிரிவும், வேட்பாளர் பெயரிலிருந்து அங்கே ஒரு வழிமாற்றும்தான் (அந்தப் பெயரைத் தேடுபவரைத் தானாகவே அங்கே கொண்டுபோய் விடும் இணைப்பு). அந்த 8,141 வாக்கு வித்தியாசம் எதிர்த்தரப்புக்குச் சாய்ந்திருந்தால் வழிமாற்று இன்றும் அப்படியே இருந்திருக்கும், அதில் தவறும் இல்லை.

மற்ற 26 பேரில் நாம் தமிழர் வேட்பாளரும் சுயேச்சைகளும் அடக்கம். பொது அறிவுக்கு எட்டியவரை இவர்களுக்கு அட்டவணை வரியே போதும். 2024-இல் இதே வேலூரில் நின்ற நடிகர் மன்சூர் அலி கானுக்குப் பக்கம் இருப்பது நடிப்பினால். அவர் வேலூரில் பலாப்பழச் சின்னத்தில் நின்றது அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம்.

இந்த 2019-இல் எழுதுபவர் இடறும் இடம் ஒன்று உண்டு. மக்களவை வாக்குப்பதிவு ரத்தானாலும் குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் ஏப்ரல் 18-இல் நடந்தே தீர்ந்தன. அந்த இரண்டு தொகுதி வாக்காளர்கள் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை வாக்களித்தார்கள். நாளிதழின் இணையத் தேடலில் ‘வேலூர் 2019 வேட்பாளர்’ என்று போட்டால் இரண்டும் கலந்து வரும். காட்பாடியும் அப்படித்தான்: அது வேலூர் நகரை ஒட்டியிருந்தாலும் மக்களவைக்கு அரக்கோணத்தில் சேர்ந்தது. மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. வாணியம்பாடியும் ஆம்பூரும் இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 ஆகஸ்ட் 5 அன்று அவை வேலூர் மாவட்டம். 1989-க்கு முந்தைய வேட்பாளர் என்றால் வட ஆற்காடு என்றே எழுத வேண்டும்.

காமராசரிடம் தோற்றவர்

பழைய தேர்தல்களுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த இடம் குடியாத்தம். பெரியாரும் திமுகவும் அவரை ஆதரித்த அந்த இடைத்தேர்தலில் எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. கே. கோதண்டராமன். தோற்றார். பின்னாளில் அதே குடியாத்தத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானதால் இன்று அவருக்குப் பக்கம் பற்றிய கேள்வியே எழாது. ஒருவேளை அவர் பிறகு நிற்காமலே இருந்திருந்தால்? அப்போதும் பக்கம் எழுத வழி இருந்திருக்கும் என்பதே இந்த ஆய்வின் கருத்து. முதலமைச்சரை எதிர்த்து நின்றதற்காக அல்ல. அந்த இடைத்தேர்தலைப் பற்றியும் வட ஆற்காட்டு இடதுசாரி இயக்கம் பற்றியும் பல பத்தாண்டுகளாக வெவ்வேறு தரப்பினர் எழுதிவந்திருப்பதால். பீடித் தொழிலாளர், நெசவாளர், தோல் பதனிடும் தொழிலாளர் சங்கங்கள் வேரூன்றிய ஊர்கள் குடியாத்தமும் பேர்ணாம்பட்டும் ஆம்பூரும் வாணியம்பாடியும். தேர்தலில் தோற்றே போனாலும் ஒரு சங்கத்தைக் கட்டியவரைப் பற்றிய செய்தி இங்கே சங்க மலர்களிலும் இயக்க வரலாறுகளிலும் கிடக்கும். அவரவர் சங்கமே வெளியிட்டது சார்பற்ற மூலமாகாது. அதை ஆதாரமாகக் கொண்டு வேறொருவர் எழுதிய வரலாறு ஆகும்.

தேடவேண்டிய இடங்கள்: சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம். இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு ‘மூலம் இல்லை’ என்று 1950களின் வேட்பாளரை நீக்கப் பரிந்துரைப்பது சோம்பேறித்தனம். அக்காலத் தமிழ் நாளிதழ்களின் பெரும்பகுதி இன்னும் இணையத்துக்கு வரவில்லை.

பழைய பட்டியல்களில் இன்னொரு பொறி. 1952, 1957 பொதுத் தேர்தல்களில் வேலூர் மக்களவைத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பட்டியல் சாதியினருக்கு. அங்கே இரண்டாவது பெயர் தோற்றவருடையது அல்ல, அவரும் உறுப்பினர். தனி இடத்துக்குரியவர் வாக்கு வரிசையில் கீழே இருந்தாலும் வென்றவராகலாம். மேலே இருந்த பொது வேட்பாளர் தோற்றவராகலாம். ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் 1957-இல் வி. வி. கிரி தோற்றது இந்த இரட்டைத் தொகுதிக் கணக்கில்தான்: இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கே போயிற்று. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்தால் உறுப்பினர் ஒருவரையே நீக்கல் பட்டியலில் சேர்க்க நேரும்.

மூலங்களை எடை போடுவது

இன்றைய வேட்பாளரைப் பற்றிய பக்கம் பதினைந்து இருபது மேற்கோளோடு வரும். பார்த்தால் மிரட்சியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வகை நாலைந்துதான். கட்சியின் வேட்பாளர் பட்டியல்: பெயர் மட்டும். ‘வீதிவீதியாக வாக்குச் சேகரிப்பு’ என்ற மாவட்டப் பதிப்புச் செய்தி: பெரும்பாலும் கட்சி அலுவலகம் அனுப்பிய குறிப்பும் படமும். சொத்து மதிப்புச் செய்தி: பிரமாணப் பத்திரத்தின் நகல். பேட்டி: அவரே அவரைப் பற்றிச் சொன்னது. அப்புறம் முழுப்பக்க ‘சிறப்புப் பகுதி’. விளம்பரம் என்று சின்ன எழுத்தில் இருந்தால் நல்லது, பல நேரம் அதுவும் இருப்பதில்லை. இந்தியப் பத்திரிகைகளில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் பழக்கம் இருப்பதால் இங்கத்திய செய்தி மூலங்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்லி விக்கிப்பீடியாவே எச்சரித்து வைத்திருக்கிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு வந்து ஒரு வாரம் வரை வெளியான எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். மிச்சம் என்ன? அவர் நடத்திய போராட்டம், எழுதிய நூல், வழக்காடிய வழக்கு, நகராட்சித் தலைவராக இருந்தபோது செய்தது பற்றி வேறொருவர் பத்து வரியாவது எழுதியிருந்தால் பக்கம் நிற்கும். மிச்சம் ஒன்றுமில்லையென்றால் அவர் வேட்பாளர் மட்டுமே. பாலாறு மாசு, தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய செய்திகளில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பேசப்படும் ஒருவர் சுயேச்சையாக நின்று இரண்டாயிரம் வாக்கு வாங்கினாலும் இந்தச் சோதனையில் தேறிவிடுவார். நாலரை லட்சம் வாங்கியவர் தேறாமல் போகலாம்.

தோல்வியே புகழானவரும் உண்டு. மேட்டூர் பத்மராஜன் 1988-இல் தொடங்கி இருநூறு தேர்தலுக்கு மேல் நின்று எல்லாவற்றிலும் தோற்றவர். அவரைப் பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் செய்தியாளர்கள் தேடிவந்து எழுதினார்கள்; பக்கம் நிலைத்தது. இதையே முன்மாதிரியாகக் காட்டி ‘எங்கள் அண்ணனும் மூன்று முறை நின்றவர்’ என்று வாதிடுவது செல்லாது. நிற்பதே தகுதியென்றால் 1996-இல் மொடக்குறிச்சியில் நின்ற 1,033 பேருக்கும் பக்கம் திறக்க வேண்டிவரும்.

உயிரோடிருப்பவர், கவனம்

தோற்ற வேட்பாளரின் பக்கத்தில் நடக்கும் கெடுதல் அதிகமும் மூலம் இல்லாததால் வருவதில்லை, தவறான மூலத்தால் வருகிறது. படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியது. முகவரி, வங்கிக் கணக்கு, மனைவி மக்களின் சொத்து, நிலுவை வழக்கு எல்லாம் அதில் இருக்கும். நல்ல செய்தி கிடைக்காதபோது அதிலிருந்து அள்ளிப் போட்டுக் கட்டுரையை நீட்டுகிறார்கள். செய்யக்கூடாது. உயிரோடிருப்பவரின் தனிவிவரங்களை இப்படிப்பட்ட ஆவணங்களிலிருந்து நேராக எடுப்பதை விதி தடுக்கிறது. நிலுவை வழக்கு இன்னும் மோசம். மறியலில் கலந்துகொண்டதற்கான வழக்கும் கொடுங்குற்ற வழக்கும் தகவற்சட்டத்தில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்க விவரப் பெட்டியில்) ஒரே எண்ணாகிவிடும். பெரிய பொது மனிதராக இல்லாத ஒருவர்மேல் தீர்ப்பாகாத குற்றச்சாட்டைச் சேர்க்கவே வேண்டாம்.

சாதியும் அப்படியே. ‘இந்தத் தொகுதியில் இந்தச் சமூக வாக்கு இவ்வளவு, அதனால் இவரை நிறுத்தினார்கள்’ என்ற அலசலை வைத்து வேட்பாளரின் சாதியைப் பக்கத்தில் ஏற்றுவது வட ஆற்காட்டுத் தொகுதிகளில் வாடிக்கை. அவரே வெளிப்படையாகச் சொல்லி, அது கட்டுரைக்குத் தேவையாகவும் இருந்தாலன்றி எடுத்துவிட வேண்டும்.

காட்பாடியில் 746 வாக்கில் தோற்றவரின் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லாததும் இதே எண்ணத்தில்தான். தொகுதிப் பக்கத்தின் முடிவு அட்டவணையில் அது இருக்கிறது, இருக்க வேண்டிய இடம் அது.

எதிர்வாதம்

விதிக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அவைக்கு ஐயோவா மாநிலத்தில் நடந்த தேர்தலில் பதவியிலிருந்தவருக்குப் பக்கம் இருந்தது. அவரை எதிர்த்துப் பெரிய கட்சியின் சார்பில் நின்ற தெரேசா கிரீன்ஃபீல்டுக்கு அக்டோபர் வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் மறுக்கப்பட்டது. அது பத்திரிகைச் செய்தியான பிறகே திறந்தது. நவம்பரில் அவர் தோற்றார், பக்கம் தொடர்கிறது. வாக்காளர் தேடும்போது ஒருவர் மட்டும் தெரிவதும் மற்றவர் தெரியாமலிருப்பதும் நடுநிலையாகாது என்ற குற்றச்சாட்டு சரியானது. வேலூர் வட்டாரத்திலும், காட்பாடியைப் போல, பதவியிலிருப்பவருக்குப் பக்கம், எதிர்த்து நிற்பவருக்கு வெற்றிடம் என்ற நிலை உண்டு.

இதற்கு மருந்து எல்லா வேட்பாளருக்கும் பக்கம் திறப்பது என்று தோன்றவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் கவனிக்கும் கண்கள் குறைவு. தேர்தலுக்கு மூன்று வாரம் முன் முளைத்த பக்கம் ஐந்தாண்டு கழித்தும் ‘வெற்றி வாய்ப்புள்ள இளம் வேட்பாளர்’ என்று எதிர்காலத்திலேயே நின்றுகொண்டிருக்கும். தேர்தல் பக்கத்தை ஒழுங்காக வைத்திருந்தால் பாதிப் புகார் அடங்கிவிடும்: வேட்புமனு இறுதியானதுமே அத்தனை வேட்பாளரும் ஒரே வடிவத்தில், பதவியிலிருப்பவருக்குக் கூடுதல் வரி இல்லாமல்.

செய்முறை இது. பெயரில் பக்கம் தொடங்கி `#வழிமாற்று [[தொகுதிப் பக்கம்#2019 தேர்தல்]]` என்று பிரிவுக்கே சுட்ட வேண்டும். தொகுதிப் பக்கத்தின் தலைக்கு மட்டும் சுட்டினால் தேடி வந்தவர் 1952 அட்டவணையில் போய் நிற்பார். பிரிவுத் தலைப்பை யாராவது மாற்றினால் சுட்டு அறுந்துவிடும் என்பதால் அங்கே நிலையான நங்கூரம் ஒன்றை (தலைப்பு மாறினாலும் மாறாத, சுட்டு வந்து சேரும் குறி) போட்டுவைப்பது நல்லது. தமிழ் முன்னெழுத்து, ஆங்கில முன்னெழுத்து, முன்னெழுத்து இல்லாதது, பெயரைச் சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது என்று வழக்கிலுள்ள ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வழிமாற்று வேண்டும். ஒரே பெயரில் சுயேச்சைகளை நிறுத்தும் தொகுதிகளில் இது பலிக்காது. 2024-இல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே வேறு சிலரும் நின்றார்கள். அங்கே ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம்தான் வழி, அதுவும் கட்சியையோ சின்னத்தையோ அடைப்பில் இட்டு.

ஏற்கெனவே பக்கம் எழுதப்பட்டுவிட்டதென்றால் நீக்கக் கோருவதற்கு முன் வழிமாற்றாக மாற்றிப் பார்க்கலாம். பழைய உரை திருத்த வரலாற்றில் இருக்கும். அவர் அடுத்த தேர்தலில் வென்றால் நிருவாகியைத் தேடாமலே மீட்டெடுத்து, மேற்கோள்களைச் சரிபார்த்து, தேர்தல் காலப் புகழுரையை வெட்டிவிட்டுத் தொடரலாம். ஆதாரமே இல்லாத, அல்லது அவதூறான பக்கத்துக்கு இது பொருந்தாது. அதை விரைந்து நீக்குவதே முறை, ஏனென்றால் வரலாற்றில் இருப்பதையும் யாரும் திறந்து படிக்க முடியும்.